இமேஜ்ஜே திறக்க மறுக்கும் டிஃப் கோப்பு: மணல் படங்களைச் சேதாரமில்லாமல் மாற்றுவது எப்படி?

கேள்வி இதுதான். ஜியாலஜி முதுகலை படிக்கும் குளச்சல் தம்பி ஒருவர் மணவாளக்குறிச்சி, முட்டம், கன்னியாகுமரி ஆகிய மூன்று கடற்கரைகளின் மணலை மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்திருக்கிறார். துகள்களின் அளவையும் வடிவத்தையும் இமேஜ்ஜே என்ற படம் அளக்கும் மென்பொருளில் அளக்க வேண்டும். கேமராவோடு வந்த மென்பொருள் படங்களை டிஃப் கோப்பாகச் சேமித்தது. இமேஜ்ஜே அதைத் திறக்கவில்லை. இப்படிச் சுருக்கப்பட்ட டிஃப் கோப்பைத் திறக்க முடியாது என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் 7 என்ற எண்ணைக் காட்டியது. அவர் ஆன்லைன் கன்வெர்ட்டர் ஒன்றில் போட்டு ஜேபெக் ஆக்கினார், திறந்தது. கைடு ஜேபெக் கூடாது, டிஃப்தான் வேண்டும் என்றதும், அந்த ஜேபெக்கையே திரும்ப டிஃப் ஆக்கினார். 1 எம்பி இருந்த கோப்பு 15 எம்பி ஆகிவிட்டது. தரம் திரும்பிவிட்டதா, ஸ்கேல் (ஒரு பிக்ஸல் எத்தனை மைக்ரான் என்ற கணக்கு) ஏன் காணாமல் போனது, துகள் எண்ணிக்கை ஏன் கூடுதலாக வருகிறது என்று கேட்கிறார்.

தம்பி, தரம் திரும்பவில்லை. கருவாட்டை எவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறப்போட்டாலும் அது பச்சை மீன் ஆகாது; எடை மட்டும் கூடும். உங்கள் 15 எம்பியும் அப்படித்தான். 2592க்கு 1944 பிக்ஸல் கொண்ட ஒரு வண்ணப் படத்தில் சுமார் 50 லட்சம் பிக்ஸல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். சுருக்காமல் வைத்தால் அது 15 எம்பிதான் வரும். உள்ளே இருப்பது நல்ல படமோ கெட்டுப்போன படமோ, அளவு ஒன்றுதான். கோப்பின் பருமனை வைத்துப் படத்தின் தரத்தை மதிப்பிடவே கூடாது.

முதலில் அந்த 7 என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் மொத்தச் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. டிஃப் என்பது படத்தை வைக்கும் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். கோப்பின் தலைப்பகுதியில் 259 என்ற எண்ணுள்ள குறிப்பு ஒன்று இதைச் சொல்லும். அதில் 1 என்றால் சுருக்கமே இல்லை. 5 என்றால் எல்இசட்டபிள்யூ. 8 என்றால் ஜிப் வகை. 32773 என்றால் பேக்பிட்ஸ். இந்த நான்கும் இழப்பில்லாதவை: விரித்தால் ஒரு பிக்ஸல்கூட மாறாமல் பழைய படம் கிடைக்கும். இமேஜ்ஜே இவற்றைத் தானாகவே படிக்கும். 7 என்றால் ஜேபெக். அதாவது உங்கள் கேமரா மென்பொருள் வெளியே டிஃப் என்று பெயர் போட்டு, உள்ளே ஜேபெக்காகச் சுருக்கி வைத்திருக்கிறது. இடம் மிச்சமாகும் என்பதால் சில மென்பொருள்கள் இப்படிச் செய்யும். செட்டிங்கில் எங்கேயோ ஒரு மூலையில் அந்தத் தேர்வு இருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

ஆக, உங்கள் கைடு டிஃப் கேட்டது சரிதான், ஆனால் டிஃப் என்று கேட்டால் மட்டும் போதாது. இழப்பில்லாத டிஃப் என்று கேட்க வேண்டும். கோப்பின் பெயரில் கடைசியில் இருக்கும் மூன்று எழுத்தை மாற்றி எழுதினால் எதுவும் மாறாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்; அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் படங்கள் கடந்து வந்த பாதையைப் பாருங்கள். கேமரா மென்பொருள் ஒரு முறை ஜேபெக்காகச் சுருக்கியது. ஆன்லைன் கன்வெர்ட்டர் அதை விரித்து, இரண்டாம் முறை ஜேபெக்காகச் சுருக்கியது, அதுவும் என்ன தரத்தில் என்று உங்களுக்குத் தெரியாமல். மூன்றாவதாக நீங்கள் செய்த டிஃப் மாற்றம் புதிதாக எதையும் கெடுக்கவில்லை, ஆனால் இரண்டு முறை கெட்டதை அப்படியே பத்திரப்படுத்திவிட்டது. அதனால் அந்த 15 எம்பி கோப்புகளை அளவீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். கேமராவிலிருந்து வந்த முதல் கோப்புகள் இருக்கின்றன அல்லவா, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஜேபெக் எதை எடுத்துவிடுகிறது என்று தெரிந்தால்தான், துகள் எண்ணிக்கை ஏன் கூடியது என்பது புரியும். படத்தை 8க்கு 8 பிக்ஸல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் எவ்வளவு மெதுவாக அல்லது எவ்வளவு திடீரென்று மாறுகிறது என்பதை எண்களாக எழுதுகிறது. பிறகு அந்த எண்களைத் தோராயமான முழு எண்களாக்கிவிடுகிறது. மெதுவான மாற்றங்களை ஓரளவு துல்லியமாக வைத்துக்கொள்ளும். திடீர் மாற்றங்களைக் கரடுமுரடாக வைக்கும் அல்லது விட்டுவிடும். முகம், வானம், கடல் என்று போட்டோ எடுத்தால் இது கண்ணுக்கே தெரியாது. மணல் படத்தில் எல்லாமே திடீர் மாற்றம்தான். வெளிச்சமான பின்னணியில் இல்மனைட் என்ற கறுப்புக் கனிமத் துகள். அதன் விளிம்பில்தான் உங்கள் அளவீடு முழுவதும் இருக்கிறது. அந்த விளிம்பைச் சுற்றித்தான் ஜேபெக் மங்கலான புள்ளிகளையும் அலைகளையும் சிதறவிடும்.

இதன் மேல் திரெஷோல்டு போட்டால், அதாவது ஒரு வெளிச்ச எல்லையை வைத்துத் துகள் வேறு பின்னணி வேறு என்று பிரித்தால், அந்தப் புள்ளிகளில் சில தனித் துகள்களாக எண்ணப்படும். கூடுதலாக வரும் எண்ணிக்கைக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். விளிம்பு பல்லுப்பல்லாக ஆவதால் சுற்றளவும் கூடும். இமேஜ்ஜே வட்டத்தன்மையைக் கணக்கிடும் சூத்திரத்தில் பரப்பு மேலே, சுற்றளவின் வர்க்கம் கீழே: 4 பை பெருக்கல் பரப்பு, வகுத்தல் சுற்றளவின் வர்க்கம். சுற்றளவு கொஞ்சம் கூடினாலும் அது வர்க்கமாகக் கணக்கில் ஏறி, உருண்டை மணலைக் கோணல் மணலாகக் காட்டிவிடும். முட்டத்து மணலுக்கும் கன்னியாகுமரி மணலுக்கும் உருண்டைத்தன்மையில் வேறுபாடு இருக்கிறது என்று எழுதப்போகிறீர்கள் என்றால், அது மணலின் வேறுபாடா, சுருக்கத்தின் வேறுபாடா என்று வைவாவில் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

வண்ணத்தில் சேதம் இன்னும் அதிகம். மனிதக் கண் வெளிச்சத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. இதைப் பயன்படுத்தி ஜேபெக் பெரும்பாலும் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிவிடும். நான்கு பிக்ஸலுக்கு ஒரே நிறம். நம் கடற்கரை மணலில் நிறம்தான் அடையாளம். இளஞ்சிவப்பு கார்னெட், நிறமில்லாத சிர்கான், தேன்மஞ்சள் மோனசைட். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுகொண்டது இந்த மோனசைட்டைத்தான். மணவாளக்குறிச்சியில் கனிம மணலைப் பிரிக்கும் ஆலை வந்ததன் தொடக்கமும் அதுதான். அந்தச் சின்ன மஞ்சள் துகள் குவார்ட்ஸ் கூட்டத்தின் நடுவே இருக்கும்போது, அதன் மஞ்சள் பக்கத்துத் துகளின் விளிம்புக்குக் கசிந்தால், நிறத்தை வைத்துக் கனிமம் பிரிக்கும் வேலை அங்கேயே பிசகிவிடும்.

இனி செய்ய வேண்டியது. வெறும் இமேஜ்ஜேக்குப் பதில் ஃபிஜி பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதுவும் இமேஜ்ஜேதான், இலவசம்தான். கூடவே பயோ-ஃபார்மட்ஸ் என்ற செருகுநிரல் சேர்ந்தே வரும். மைக்ராஸ்கோப் கம்பெனிகளின் சொந்த வடிவங்கள் உட்பட 150-க்கும் மேற்பட்ட கோப்பு வகைகளை அது படிக்கும். உங்கள் படத்தை இழுத்துப் போட்டுத் திறக்காதீர்கள். அப்படிப் போட்டால் இமேஜ்ஜேயின் பழைய டிஃப் படிப்பானே முதலில் கை வைத்து, அதே 7-ஐக் காட்டக்கூடும். பிளகின்ஸ் மெனுவில் பயோ-ஃபார்மட்ஸ், அதில் இம்போர்ட்டர் என்று போய்த் திறங்கள். திறந்ததும் படத்தின் நிறத்தைப் பாருங்கள். மொத்தப் படமும் பச்சையாகவோ ரோஜா நிறமாகவோ தெரிந்தால், ஜேபெக்கின் வெளிச்சம்-நிறம் கணக்கை மென்பொருள் தவறுதலாகச் சிவப்பு-பச்சை-நீலமாகப் படித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் படத்தைச் சேமிக்காமல், கேமராவின் சொந்த மென்பொருளிலேயே திறந்து, சுருக்கம் இல்லாத டிஃப் ஆக வெளியே எடுங்கள்.

நிறம் சரியாக இருந்தால் ஃபைல், சேவ் ஆஸ், டிஃப். இமேஜ்ஜே எழுதும் டிஃப் சுருக்கம் இல்லாதது. ஸ்கேலையும் கோப்புக்குள்ளேயே குறித்து வைக்கும். இடம் போதவில்லை என்றால் அதே சேவ் ஆஸ் பட்டியலில் ஜிப் என்று ஒன்று இருக்கிறது. அது டிஃப் கோப்பை ஜிப்புக்குள் போட்டு வைக்கும், இழப்பு கிடையாது, இமேஜ்ஜே அதை நேரடியாகவே திறக்கும். பலருக்கு இது இருப்பதே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் எப்போதும் இடம் குறைவு என்பதால். வேறு மென்பொருளிலும் திறக்க வேண்டும் என்றால் பயோ-ஃபார்மட்ஸ் எக்ஸ்போர்ட்டர் வழியாக ஓஎம்இ-டிஃப் (மைக்ராஸ்கோப் படங்களுக்கான பொதுவான டிஃப் வகை) ஆக எழுதுங்கள். அங்கே சுருக்க முறை கேட்கும். எல்இசட்டபிள்யூ அல்லது இசட்லிப் தேர்ந்தெடுங்கள், இரண்டும் இழப்பில்லாதவை. அந்தப் பட்டியலிலேயே ஜேபெக்கும், இழப்புள்ள ஜேபெக்-2000-மும் இருக்கின்றன. கை தவறி அவற்றைத் தொட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

மூன்று கடற்கரைக்கும் சேர்த்து நிறையப் படங்கள் இருக்கும். பிராசஸ் மெனுவில் பேட்ச், அதில் கன்வெர்ட். உள்ளீட்டு ஃபோல்டர், வெளியீட்டு ஃபோல்டர் கொடுத்து, பயோ-ஃபார்மட்ஸ் மூலம் படிக்கச் சொல்லும் பெட்டியில் டிக் போடுங்கள். வடிவத்தில் டிஃப் அல்லது ஜிப். பக்கத்திலேயே 8-பிட் டிஃப் என்று ஒன்று இருக்கும், அதை எடுக்க வேண்டாம். உங்கள் படத்தின் வண்ணங்கள் வெறும் 256 ஆகக் குறைந்துவிடும். ஸ்கேல் ஃபேக்டர் 1 ஆகவே இருக்கட்டும், இல்லையென்றால் பிக்ஸல் எண்ணிக்கையே மாறிவிடும். வெளியீட்டு ஃபோல்டர் கண்டிப்பாக வேறாக இருக்க வேண்டும். மூலக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு, பென்டிரைவில் ஒரு பிரதியும் எடுத்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

மாற்றியபின் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை, யாரும் செய்வதில்லை. மூலத்தையும் மாற்றியதையும் இரண்டையும் திறந்து வைத்து, பிராசஸ் மெனுவில் இமேஜ் கால்குலேட்டர் போய், டிஃபரன்ஸ் தேர்ந்தெடுங்கள். வரும் படத்தின் மூன்று நிறங்களையும் பிரித்து ஒவ்வொன்றின் ஹிஸ்டோகிராமை (எந்த மதிப்பில் எத்தனை பிக்ஸல் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் 0 என்றால் ஒரு பிக்ஸல்கூட மாறவில்லை. அதே வேலையை உங்கள் பழைய 15 எம்பி டிஃப் கோப்புக்கும் செய்து பாருங்கள். துகள்களின் விளிம்புகள் மட்டும் கோடுகோடாகத் தெரியும். இரண்டாம் சுருக்கம் என்ன செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு நுணுக்கம்: ஜேபெக்கை விரிக்கும் மென்பொருளுக்கு மென்பொருள் பிக்ஸல் மதிப்பில் 1 கூடக் குறைய வரலாம். அதனால் மணவாளக்குறிச்சிப் படங்களை ஒரு மென்பொருளிலும் முட்டம் படங்களை இன்னொன்றிலும் மாற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வழி.

ஸ்கேல் விஷயம். பிக்ஸலுக்கு எத்தனை மைக்ரான் என்ற தகவலைக் கேமரா மென்பொருள் டிஃப் கோப்பின் குறிப்புகளில் எழுதியிருக்கலாம், தனியாக ஒரு கோப்பிலும் வைத்திருக்கலாம். ஆன்லைன் கன்வெர்ட்டர்களுக்கு அந்தக் குறிப்புகள் முக்கியமில்லை. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிடும். சில படங்களைத் திறந்தால் அளவு அங்குலத்தில் காட்டும். அது அச்சுக்காகப் போட்ட எண், மைக்ராஸ்கோப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை, நம்ப வேண்டாம். கோப்புக்குள் ஸ்கேல் இருந்தாலும் நான் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரைத்தான் நம்புவேன். 1 மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்த கண்ணாடித் தகடு அது. ஒரு பாகம் 10 மைக்ரான். நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு அப்ஜெக்டிவ் லென்ஸிலும், அதே கேமரா ரெசல்யூஷனில், அதை ஒரு படம் எடுங்கள். நேர்கோட்டுக் கருவியால் முடிந்தவரை நீளமாகக் கோடு இழுத்து, அனலைஸ் மெனுவில் செட் ஸ்கேல் போய் நீளத்தை எழுதுங்கள். குளோபல் என்ற பெட்டி எல்லாப் படத்துக்கும் அதே ஸ்கேலைப் போட்டுவிடும், ஆகவே ஒரே அப்ஜெக்டிவில் எடுத்த படங்கள் மட்டும் திறந்திருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். கன்வெர்ட்டர் படத்தைச் சிறிதாக்கியிருக்கிறதா என்று அகலம், உயரம் பிக்ஸலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியாகச் சுருங்கிய படத்தில் பழைய ஸ்கேலைப் போட்டால் எல்லாத் துகளும் பாதி விட்டமாக வந்து நிற்கும்.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பதில் உங்களுக்குத் தேவை. கேமராவிலிருந்து வந்த முதல் கோப்பே ஒரு முறை ஜேபெக் ஆனதுதானே, அதை வைத்து அளக்கலாமா? பெரிய துகள்களின் பரப்பை அளக்க மட்டும் என்றால், நல்ல தரத்தில் ஒரு முறை சுருக்கிய படம் தாங்கும். வட்டத்தன்மைக்கும் நிறப் பிரிப்புக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது: மணல் கெட்டுப்போகாது. மணக்குடிக் காயல் தண்ணீரில் உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்களைப் படம் எடுத்தவருக்கு அந்த நொடி போனால் போனதுதான். உங்கள் மாதிரி பாட்டிலில் அப்படியே இருக்கிறது. கேமரா மென்பொருளின் செட்டிங்கில் டிஃப் சுருக்கத்தை இல்லை என்று மாற்றிவிட்டு, மறுபடி எடுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துத் தீசிஸைத் திருத்துவதைவிட இந்தச் சலிப்பு மேல்.

உடனே மறுபடி எடுக்க முடியவில்லை என்றால், ஒவ்வொரு கடற்கரையிலும் சில காட்சிகளையாவது சுருக்கம் இல்லாமல் எடுத்து, அதே காட்சியைப் பழைய முறையிலும் சேமித்து, இரண்டிலும் துகள் எண்ணிக்கை, பரப்பு, வட்டத்தன்மை எப்படி மாறுகிறது என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். வேறுபாடு சிறியது என்றால் பழைய படங்களையும் காரணத்தோடு பயன்படுத்தலாம். பெரியது என்றால் முடிவு தெரிந்துவிட்டது. அனலைஸ் பார்ட்டிகிள்ஸில் குறைந்தபட்ச அளவு ஒன்றையும் கொடுத்துவிடுங்கள். 62.5 மைக்ரான் விட்டமுள்ள வட்டத் துகளின் பரப்பு சுமார் 3,070 சதுர மைக்ரான். மணலுக்கும் வண்டலுக்கும் எல்லை அதுதான். அதற்குக் கீழே உள்ளதை ஒதுக்கினால் ஜேபெக் புள்ளிகளில் அநேகமாக எல்லாமே போய்விடும். ஆனால் விளிம்பு பல்லாவதை இது சரிசெய்யாது.

கறுப்பு-வெள்ளை கேமராவில் 12 பிட் அல்லது 16 பிட்டில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இமேஜ்ஜேயில் 16 பிட்டை 8 பிட் ஆக்கினால், அந்த நேரத்தில் திரையில் வைத்திருக்கும் பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட் எல்லைகளைத்தான் 0 முதல் 255 வரை நீட்டும். படத்துக்குப் படம் எல்லை வேறு என்றால் வெளிச்சத்தை ஒப்பிடவே முடியாது. ஜேபெக்காகச் சேமித்தாலும் இதே மாற்றம் கேட்காமலே நடந்துவிடும். முடிந்தவரை 16 பிட்டிலேயே இருங்கள்.

ஆசாரிப்பள்ளம் பக்கம் மருத்துவம் படிப்பவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வேடத்தில் வரும். ஸ்கேன் சென்டர் தரும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) கோப்பை இமேஜ்ஜே சுருக்கப்பட்டது என்று சொல்லி மறுத்து, நீளமான ஒரு எண்ணைக் காட்டும். அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 4.70 என்று முடிந்தால் இழப்பில்லாத ஜேபெக், 4.90 என்றால் இழப்பில்லாத ஜேபெக்-2000, கவலையில்லாமல் விரிக்கலாம். 4.50 என்றால் இழப்புள்ள ஜேபெக்; விரித்தாலும் போனது போனதுதான். அங்கேயும் பயோ-ஃபார்மட்ஸ் வழியாகத் திறந்து பாருங்கள்.

கைடுக்குப் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். அது அளவைக் குறைத்து, மறுபடி ஜேபெக்காகச் சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

தீசிஸில் செய்முறைப் பகுதியில் இதை எழுதிவிடுங்கள்: கேமராவின் ரெசல்யூஷன், சேமித்த வடிவம், சுருக்க முறை, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பால் மாற்றினீர்கள், ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் கிடைத்த ஸ்கேல். இரண்டு மூன்று வரிதான் வரும். அளவீடு எல்லாம் முடிந்தபிறகு, ஸ்லைடில் காட்டவும் போஸ்டரில் ஒட்டவும் ஒரு பிரதியை எடுத்து ஜேபெக் ஆக்கிக்கொள்ளலாம். அதில் தவறே இல்லை. ஸ்கேல் பாரை மட்டும் அதற்கு முன்னாலேயே படத்தின் மேல் போட்டுவிடுங்கள்.